நான் கேட்காத மருத்துவ விடுப்பு

அனுப்புநர்
ஜலஜாக்ஷி பூஜாரி (வயது 38),
செயலாளர் (நான்கு ஆண்டுகளாக விடுப்பில் வைக்கப்பட்டவர்),
பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம்,
நெல்லிகுட்டே கிராமம்.

பெறுநர்
கூட்டுறவு சங்கங்களின் உதவிப் பதிவாளர் அவர்கள்,
வட்ட அலுவலகம், பஞ்சபெட்டு.

பொருள்: பணியில் மீண்டும் சேர்க்கவும், இடிக்கப்பட்ட சாய்தளத்தைக் கட்டித்தரவும் கோருதல் – நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 2019 ஜூன் மாதம் சங்கத்தின் பால் கேன்களோடு நான் சென்ற வண்டி வளைவில் கவிழ்ந்ததில் என் தண்டுவடம் அறுந்தது. இடுப்புக்குக் கீழே அசைவோ உணர்வோ இல்லை.

2. முதல் இரண்டு ஆண்டுகள் நானும் காத்துத்தான் கிடந்தேன். பெங்களூரில் ஊசி, கேரளத்தில் எண்ணெய், ஊர் தெய்வத்துக்கு நேர்த்திக்கடன் எல்லாம் ஆயிற்று. என் கணவர் வாசு தினமும் கட்டிலருகே உட்கார்ந்து என் கால் கட்டைவிரலையே பார்ப்பார். "இப்ப அசைஞ்ச மாதிரி இல்ல?" என்பார். அசையவில்லை ஐயா. முதுகில் படுக்கைப்புண் வந்ததுதான் மிச்சம்.

3. பிறகு ஒரு மறுவாழ்வு மையத்தில் பத்து வாரம் இருந்தேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவும், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கவும், கண்ணாடி பிடித்துப் புண் பார்க்கவும் கற்றேன். இன்று இரண்டு பசு கறக்கிறேன். நீர்தோசை வார்க்கிறேன். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் யக்ஷகானக் கூத்து பார்க்கப் போகிறேன். முன்வரிசையில் யாராவது மறைத்தால் சண்டையும் போடுகிறேன்.

4. பணிக்குத் திரும்பக் கேட்டபோது சங்கத் தலைவர் திரு. சேஷப்ப கௌடா அவர்கள், "முதல்ல எழுந்து நடங்க ஜலஜக்கா, அப்புறம் பாலைப் பாக்கலாம். உங்க நாற்காலி எங்க ஓடிப்போகுது?" என்றார். அரசு மருத்துவர் 'நடக்க இயலாது, பணி செய்ய இயலும்' என்று எழுதிய சான்றைக் கொடுத்தேன். 'முழுமையாகக் குணமடைந்தார்' என்று வாங்கி வரச் சொல்கிறார்கள். அப்படி யார் எழுதித் தருவார்கள் என்று தங்கள் அலுவலகத்தில் மூன்று முறை கேட்டுவிட்டேன். பதில் இல்லை.

5. சங்க வாசலில் நான்கு படி. கடந்த ஆகஸ்டில் என் செலவில் கொத்தனார் ஐத்தப்பாவை வைத்து, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டினேன். "மழைக்கு வழுக்காம சொரசொரன்னு பூசித் தர்றேன்க்கா, நீங்க ஏறிப் பாருங்க" என்றார். யாரும் தள்ளாமல் ஏறினேன். அன்று காலை அறுபத்து மூன்று பேரின் பாலைக் கருவியில் வைத்துச் சோதித்தேன். பிழை ஒன்றும் இல்லை. "மெஷினை நடக்கவா வைக்கப்போறோம்? கையாலதானே அளக்கணும்" என்று உறுப்பினர் குசுமா எல்லார் முன்னும் சொன்னார்.

6. விநாயகர் சதுர்த்திக்கு முந்தின வாரம் சங்க நிர்வாகத்தினர் சாய்தளத்தைக் கடப்பாரையால் இடித்தார்கள். அதற்காக அவர்கள் போட்ட தீர்மானத்தில் உள்ள காரணத்தை அப்படியே தருகிறேன்: 'இது நிலைத்திருந்தால் அவர் எழவே மாட்டார் என்று நாமே ஒப்புக்கொண்டதாகும்.' தலைவர் கண்கலங்கினாராம். என்மேல் உள்ள அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பு இருபதடி சிமெண்டை உடைத்திருக்கிறது என்பதே என் புகார்.

7. மறுநாளிலிருந்து சங்க முற்றத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு வைத்தியர் பெயர் சொல்கிறார்கள். சோதனைக் கருவியை வெளியே கொண்டுவந்து தர மட்டும் ஆளில்லை.

ஆகவே, என் விடுப்பை ரத்து செய்து, சாய்தளத்தைச் சங்கச் செலவில் கட்ட உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். நேரில் விசாரிக்க வருவதானால் காலை ஐந்தரைக்கு வாருங்கள், முற்றத்தில் இருப்பேன். நாளைக்கே என் கால்களுக்கு மருந்து கண்டுபிடித்தார்கள் என்றால், முறைப்படி ஒரு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போய் வாங்கிக்கொள்கிறேன்.

இடம்: நெல்லிகுட்டே
நாள்: 09.10.2023

இப்படிக்கு, பணிக்கு ஆயத்தமாக,
(ஒப்பம்) ஜலஜாக்ஷி பூஜாரி