கப்பலுக்கு எத்தனை ஜோடி, மச்சான்?

தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை எப்போதும் எனக்கு முன்னால் ஏறிவிடும் என் மச்சான் சந்திரனுக்கு,

ஒவ்வொரு வருஷமும் உன் நினைவு நாளுக்கு உன் தங்கச்சி மலர்தான் பேப்பரில் போடுவாள். கோட்டு போட்ட உன் போட்டோ, அதற்குக் கீழே நாலு வரி. இந்த வருஷம் அந்த நாளில் நாங்கள் கடலில் இருப்போம். அதனால் கப்பல் ஏறுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். அண்ணனைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று சொல்லி, மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டுத் தாளும் பேனாவும் வைத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரியாது. நாலு வரி போதும் என்றாள். நாலு வரியில் நிற்காது போலிருக்கிறது.

ஆமாம், கப்பல். நீ சிரிப்பாய் என்று தெரியும். காலை ஷிப்டுக்கு அக்கரையில் பிறை ஊர் ஃபேக்டரிக்குப் போக மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு நிற்போமே, அப்போது ஜெட்டி பக்கத்தில் வெள்ளையாக மலை மாதிரி ஒரு கப்பல் நிற்கும். நீ ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணாந்து பார்ப்பாய். ஒரு நாள் அந்த உச்சியில் நின்று இந்த ஃபெரியைப் பார்த்துக் கையாட்ட வேண்டும் என்பாய். நான் முதலில் உன் ரோட்டு வரியைக் கட்டு என்பேன். இப்போது உன் மருமகள், என் மகள் தர்ஷினி டிக்கெட் எடுத்துவிட்டாள். நாலு நாள். லங்காவி, புக்கெட், திரும்ப இங்கேயே. நாளை மத்தியானம் ஏற வேண்டும்.

தர்ஷினி இப்போது பத்து காவான் ஊரில் ஒரு பெரிய ஃபேக்டரியில் இன்ஜினியர். அந்த வேலைக்காக நீ என்ன செய்தாய் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவள் போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். ராத்திரி விருந்துக்குக் கறுப்புத் தோல் சப்பாத்து ஒன்று. மேல்தளத்தில் நடக்க விளையாட்டுச் சப்பாத்து ஒன்று. ஊர் சுற்றிப் பார்க்க இறங்கும்போது போட மெத்தென்று ஒன்று. கடற்கரைக்கு சிலிப்பர். ஆக அப்பாவுக்கு நாலு ஜோடி. அம்மாவுக்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை, கேட்டால் வீட்டில் சமாதானம் இருக்காது. இருபத்தெட்டு வருஷம் ஒரே சேஃப்டி பூட்ஸில் காலத்தை ஓட்டியவனுக்கு, நாலு நாளைக்கு நாலு ஜோடி.

மலர் காலையிலிருந்து பெட்டி அடுக்குகிறாள். அறையிலிருந்து அவ்வப்போது குரல் வருகிறது, எத்தனை ஜோடி வைக்கட்டும் என்று. நான் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் குறைத்துச் சொல்கிறேன்.

ஏன் குறைக்கிறேன் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். என் இடது கால் சரியில்லை, மச்சான். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டு நாள் ஆகிறது. கப்பலுக்கென்று வாங்கிய விளையாட்டுச் சப்பாத்தைக் காலுக்குப் பழக்க வேண்டும் என்று மலர் சொன்னாள். மூன்று நாள் சாயந்திரம் கர்னி டிரைவ் கடற்கரை ஓரமாக இரண்டு பேரும் நடந்தோம். ரொஜாக் சாப்பிட்டோம், நான் நன்றாகவே இருந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் தரையில் என்னவோ உதிர்ந்தது. புதுச் சப்பாத்துக்குள் ஈரம் இழுப்பதற்கு மணி மணியாக ஒரு பொட்டலம் போட்டிருப்பார்களே, அதை நான் எடுக்கவே இல்லை. பொட்டலம் கிழிந்து, உள்ளே இருந்த மணிகள் நொறுங்கி, சுண்டுவிரலுக்கு அடியில் சதையில் பதிந்து கிடந்தன. காலுறையில் ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அது அன்று வந்த ரத்தம் இல்லை.

புண்ணைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. மூன்று நாள் அதன்மேல் நடந்திருக்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறி எனக்கும் இனிப்புநீர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பயத்தின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று நான் பார்த்தவன். உன்கூடவே போய்ப் பார்த்தவன்.

அன்றிலிருந்து நானே கழுவி, நானே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறேன். ஏர்கான் குளிர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் காலுறைகளை நானே துவைக்கிறேன். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் புத்தி வந்திருக்கிறது என்று மலர் பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் வாளியோடு நின்று கேட்டேன். ஐந்தாறு நாளாகப் புண்ணிலிருந்து ஒரு வாடை வருகிறது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அந்த வாடை எனக்குப் புதுசு இல்லை.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், ஃபேக்டரியில் உடை மாற்றும் அறையில், கதவைச் சாத்திவிட்டு நீ பூட்ஸைக் கழற்றிக் காட்டினாயே, அன்றைக்கு வந்த வாடை இது. உன் குதிகாலுக்கு மேலே இருபது காசு அளவுக்கு ஒரு குழி. தர்ஷினிக்கு நல்ல வேலை கிடைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று நீ வேண்டிக்கொண்டிருந்தாய். வேலை கிடைத்துவிட்டது. கிளினிக்குக்குப் போகலாம் வா என்று நான் கூப்பிட்டேன். கூப்பிட்டேன், உண்மை. ஆனால் ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டேன்.

“மலருகிட்ட சொல்லிராத லா. தெரிஞ்சா என்னைய நடக்க விடமாட்டா. பால்குடம் முடியட்டும், நானே கிளினிக் போறேன்.”

நான் சரி என்றேன். தைப்பூசத்தன்று விடியற்காலை உன் குதிகாலில் இரண்டு பிளாஸ்டரை நெடுக்கும் குறுக்குமாக ஒட்டியதும் இந்தக் கைதான். பிறகு நீ வெறுங்காலோடு நடந்தாய். வெயில் ஏறி தார் கொதித்தது, தண்ணீர்ப் பந்தல்காரர்கள் ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், ஊற்றின இடம் அடுத்த நிமிஷம் காய்ந்தது. மற்றவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். நீ மட்டும் பால்குடத்தைத் தலையில் பிடித்தபடி வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நடந்தாய்.

மலை மேலே போய் நின்றதும் என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

“பாத்தியா, ஒண்ணும் வலிக்கலடா.”

நான் அழுதுவிட்டேன். முருகன் உன் வலியை எடுத்துக்கொண்டான் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன், மச்சான். உன் கால் செத்துக்கொண்டிருந்தது. அதை நான் அருள் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். முதலில் விரல்கள், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. ஒன்றரை வருஷத்தில் மீதியும் போனது. இவ்வளவு முற்றும்வரை வீட்டில் யாருமே பார்க்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். மலர் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். காரியம் முடிந்து உன் ஃப்ளாட்டைக் காலி செய்யப் போனோம். சப்பாத்து அலமாரியைத் திறந்தால், கால் போன பிறகும் நீ ஜோடி ஜோடியாக வாங்கி வைத்திருக்கிறாய். ஒற்றையாக எவன் விற்பான்? வலது கால் சப்பாத்து எல்லாம் தேய்ந்து கிடந்தது. இடது கால் சப்பாத்து எல்லாம் புத்தம் புதுசு. மலர் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தூக்கிப் போடவும் மனசில்லை, யாருக்கும் கொடுக்கவும் முடியாது. ஒரு கறுப்புத் தோல் ஜோடியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எங்கள் அலமாரியின் மேல்தட்டில் மூன்று வருஷமாக அது இருக்கிறது.

இன்று காலை அதை இறக்கித் துடைத்துப் பாலிஷ் போட்டாள். நம் இருவருக்கும் ஒரே அளவுதானே. விருந்துக்கு இதையே போட்டுக்கொள்ளுங்கள், அண்ணன் கப்பல் ஏற ஆசைப்பட்டார், இப்படியாவது ஏறட்டும் என்றாள். வலது கால் சப்பாத்தில் கொஞ்சம் சுருக்கம் இருக்கிறது, பாலிஷில் தெரியாதாம். செத்தவர் சப்பாத்தைப் போடுவார்களா என்று சொல்லிப் பார்த்தேன். என் அண்ணன் உங்களுக்கு என்ன கெடுதல் செய்யப்போகிறார் என்று கேட்டாள்.

அவள் குளிக்கப் போனபோது போட்டுப் பார்த்தேன். வலது கால் நீ விட்ட பள்ளத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. இடது சப்பாத்து, யாருடைய காலும் படாத அந்த இடது சப்பாத்து, என் காலை உள்ளே விடவில்லை. கால் அவ்வளவு வீங்கியிருக்கிறது. அந்தச் சப்பாத்து மூன்று வருஷமாக எனக்காகத்தான் காத்திருந்ததோ என்று தோன்றியது. இந்த மாதிரி பேச்செல்லாம் எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் தோன்றியது.

அதன் பிறகுதான் தோல் சப்பாத்து வேண்டாம், மூன்று போதும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, மேல்தளத்தில் யார் நடக்கப் போகிறார்கள், இரண்டு போதும் என்றேன். மூன்றாவது முறை அவள் கேட்டபோது, சிலிப்பர் ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன்.

அறைக்குள் சத்தம் நின்றது. மலர் வாசற்படிக்கு வந்து நின்றாள். கையில் உன் இடது கால் சப்பாத்து இருந்தது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணனும் அந்த வருஷம் இப்படித்தான் கொறச்சுக்கிட்டே வந்தாரு. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தப்பகூட சிலிப்பர்தான். கூடப் பொறந்தவ, எனக்கு கண்ணு எங்க போச்சு? நான் பாத்திருந்தா அவரு இருந்திருப்பாரு.”

மூன்று வருஷமாக இதைச் சொல்கிறாள், மச்சான். பாத்திரம் கழுவும்போது சொல்கிறாள், காரில் சிக்னலில் நிற்கும்போது சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் ‘விதி, விடு’ என்கிறேன். பார்த்தவன் நான். பார்த்து, பிளாஸ்டர் ஒட்டி, வாயை மூடிக்கொண்டவன் நான். என் பாரத்தை அவள் சுமக்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் நடந்துகொள்ள முடியுமா?

இன்றும் தாளைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் மனசில் என்ன கணக்கு ஓடிக்கொண்டிருந்தது தெரியுமா? பாவம், ஆசைப்பட்டுவிட்டாள். தர்ஷினியும் லீவு போட்டுவிட்டாள். நாலு நாள்தானே. கப்பல் பயணம் முடியட்டும், நானே கிளினிக் போகிறேன். இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது உன்னுடைய வாக்கியம். பால்குடத்தை எடுத்துவிட்டுக் கப்பலை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போதுதான் மேசைக்கு அடியில் காலுறையைக் கழற்றினேன். நேற்று வரை சுண்டுவிரல் சிவப்பாக இருந்தது. இன்று நகத்தைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. பாதத்தின் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு கணுக்காலை நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. உனக்கும் அந்தக் கோடு வந்தது. இந்தப் பேனாவின் முனையாலேயே விரலை அழுத்திப் பார்த்தேன். மை பட்டது. இன்னும் பலமாக அழுத்தினேன்.

ஒண்ணும் வலிக்கல, மச்சான்.

உள்ளே பெட்டியின் ஜிப் இழுபடுகிறது. கடைசியாகக் கேட்கிறேன், எத்தனை ஜோடி என்று மலர் கூப்பிடுகிறாள்.

காலுறையைத் திரும்பப் போடப் போவதில்லை. இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு அறைக்குப் போகிறேன். அவள் முதலில் என் காலைப் பார்ப்பாளா, உன்னைப் பற்றி நான் எழுதியதைப் படிப்பாளா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதற்காக அழுவாள் என்றும் தெரியாது. மன்னிப்பாள் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. நாளை மத்தியானம் அந்த வெள்ளைக் கப்பல் எங்களை விட்டுவிட்டுத்தான் போகும். ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்தும், நான் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. டாக்டர்கள் எதை வைத்துக்கொள்வார்கள், எதை எடுப்பார்கள் என்பது இனி என் கையில் இல்லை.

ஒன்றை மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். ‘நான் பார்த்திருந்தால்’ என்று உன் தங்கச்சி இனி ஒரு நாளும் சொல்ல மாட்டாள். உன் விஷயத்தில் பார்த்தது யார் என்று இன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிடும். என் விஷயத்தில் அவளே பார்க்கப் போகிறாள். பேப்பரில் இதைப் போடுவதா வேண்டாமா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். போட்டால், ஒரு வரியையும் வெட்டாமல் போடட்டும்.

நீ சொல்லாதே என்று சொன்னதைச் சொல்லப் போகும்,
உன் தங்கச்சி புருஷன்,
உன் மச்சான்
மணியம்