ஏழு பத்துக் கப்பலில் நாலாவது கை

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. இன்று மானம் போயிற்று. அது என் மானம் இல்லை என்றுதான் காலையில் நினைத்தேன்.

காலை ஏழு பத்துக் கப்பலில் பரேய்ரோவிலிருந்து ஆற்றைக் கடந்து லிஸ்பனுக்கு அரை மணி. அதற்குள் எங்கள் நாலு பேருக்கு இரண்டு ஆட்டம், ஆறு அமைதியாக இருந்தால் மூன்று. முழங்கால்களின் மேல் ஒரு அட்டைப்பெட்டி மூடி, அதன்மேல் சீட்டு. ஆஸ்பத்திரியில் சமைக்கும் ஆர்லிந்தாவும் கோர்ட்டு குமாஸ்தா டெல்ஃபிமும் ஒரு ஜோடி. நானும் ஜசிந்துவும் ஒரு ஜோடி. பதினோரு வருஷமாக இதே கப்பல், இதே ஜன்னல்.

ஆர்லிந்தா ஆடுதன், அதாவது ஹார்ட்ஸ், இறக்கினாள். கையில் ஆடுதனே இல்லாதவன்போல ஜசிந்து டைமன் போட்டான். இரண்டு சுற்றுக் கழித்து அவன் கையிலிருந்தே ஆடுதன் ராஜா வருகிறது! கையில் வைத்துக்கொண்டே இல்லை என்பது இந்தக் கப்பலில் திருட்டு. ஆட்டமே எதிராளிக்குப் போய்விடும். "என்னய்யா, ராஜா இவ்வளவு நேரம் எங்க ஒளிஞ்சிருந்தாரு?" என்றாள் ஆர்லிந்தா.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் எழுந்து நின்று கத்தினேன். "குருடனாய்யா நீ? இந்த லட்சணத்துக்கு வீட்லயே கெடக்க வேண்டியதுதானே!" பாதிக் கப்பல் திரும்பிப் பார்த்தது. ஜசிந்து சீட்டை அடுக்கி என்னிடம் நீட்டினான்.

ராத்திரி என் பெண்டாட்டி ஒடெத்திடம் சொன்னேன். "சீட்டுக்காகவா?" என்றாள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது என்றேன். "அப்ப ஆர்லிந்தா என்ன ஆம்பளையா?" என்றாள். நான் சூப்பைக் குடித்தேன்.

அக்டோபர் 15, புதன்

ஜசிந்து வரவில்லை. மூன்று பேர் ஆட முடியாது. ஆற்றைப் பார்த்தோம். அப்படியொன்றும் பார்க்கிற ஆறு இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

வரவில்லை. ஜலதோஷமாக இருக்கும். அவனுக்கு ஜலதோஷம் இருந்தால்தானே எனக்குத் தூக்கம்.

அக்டோபர் 20, திங்கள்

நாலாவது நாள். "அவர் வீட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வாயேன் அண்ணே" என்றாள் ஆர்லிந்தா.

வீடு எங்கே? மூன்று பேரும் விழித்தோம். துருப்பு ஏஸ் கையில் இருந்தால் ஜசிந்து இடது காதைச் சொறிவான் என்பது எனக்குத் தெரியும். (இதுவும் களவாணித்தனம்தான். எழுதாமல் விட்டிருக்கலாம்.) அவன் தெரு தெரியாது. குடும்பப் பெயர் தெரியாது. பெண்டாட்டி உண்டா? தெரியாது. லிஸ்பனில் என்ன வேலை? துறைமுகக் கிடங்கு என்றான் டெல்ஃபிம், தபால் ஆபீஸ் என்றாள் ஆர்லிந்தா. நான் கேட்டதே இல்லை. பெரிய சிநேகிதன்!

அவன் இடத்தில் ஒரு தடியன் உட்கார வந்தான். "ஆள் வருது" என்றேன். வருகிறானா?

அக்டோபர் 22, புதன்

கப்பலில் கயிறு கட்டுகிற அமாருவிடம் விசாரித்தேன்.

"தொப்பிக்காரரா? லிஸ்பன்ல எறங்குவாரு, ஒரு காப்பி குடிப்பாரு, அதே கப்பல்ல திரும்பிடுவாரு. ரெண்டு வருஷமா அப்படித்தான். வேலைதான் எப்பவோ போயிடுச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கரை தட்டியதும் முதல் ஆளாக இறங்கி ஓடுகிறவன் நான். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எனக்கென்ன?

இரண்டு வருஷம்! விடிகாலையில் எழுந்து, சவரம் செய்து, ஆற்றைக் கடந்து வந்திருக்கிறான், எங்களோடு அரை மணி சீட்டாட. அவனைப் பார்த்துத்தான் வீட்டிலேயே கிட என்றேன். அப்படியே கிடக்கிறான். என் வாய் புழுத்துப்போக.

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் இன்று எதுவும் ஓடவில்லை. ஒரு அம்மாளுக்கு அவள் புருஷனின் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

அமாரு வீட்டைக் கண்டுபிடித்துச் சொன்னான். ரயில்வே பட்டறைக்குப் பின்னால், மூன்றாவது மாடி. ஒடெத் ஆரஞ்சு கேக் செய்து கொடுத்தாள். "நீ பேசாம இதை மட்டும் நீட்டு. வாயத் தொறந்தாத்தான் உனக்கு வம்பு."

கதவைத் திறந்தவன், "யாரு?" என்றான். கோபத்தில் கேட்கிறான் என்று நினைத்தேன். "நான்தான்" என்றதும், "அட, வால்தெமாரா! உள்ள வா" என்றான். வேறு யாரும் இல்லாத வீடு. பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவன் கண்களைப் பார்த்தேன். இரண்டிலும் புரை, பால் கலங்கியதுபோல.

இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். வாசலில் ஆள் நுழையும்போதே இவருக்குப் புரை, இவருக்குக் கிட்டப்பார்வை என்று சொல்லிவிடுவேன். முதலாளியம்மா அதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வாள். தினமும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தவன் கண்ணை நான் பார்க்கவில்லை. நான் போய் அவனைக் குருடன் என்றேன், நான்!

"ஏன்யா சொல்லல?"

"சொன்னா வேற ஆளச் சேத்துப்பீங்க. ஆடுதன், டைமன், செவப்பு ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும். ஒரு குத்துமதிப்பா ஒப்பேத்தினேன். அன்னிக்கு மாட்டிக்கிட்டேன்." ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பதினோரு மாதமாக முறைக்குக் காத்திருக்கிறானாம். அப்புறம், "நீ சொன்னதும் சரிதானே" என்றான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவன் பாதியில் அழுதுவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில், கேக்கும் கையுமாக.

"மொதல்ல அதக் குடு, நனைஞ்சிடப் போவுது" என்றான்.

திங்கட்கிழமை வா என்றேன். "எதப் பாத்து ஆட?" என்றான்.

அக்டோபர் 27, திங்கள்

இருவரிடமும் சொன்னேன்.  "கூமுட்டைங்கய்யா நாம" என்றாள் ஆர்லிந்தா. டெல்ஃபிமின் பையிலிருந்து தடித்த மைப்பேனாவைப் பிடுங்கி, எங்கள் நாற்பது சீட்டுக் கட்டிலிருந்த பத்து டைமன் சீட்டுக்கும் மூலைக்கு மூலை கறுப்புப் பட்டை போட்டாள். "இப்பக் கூட்டிட்டு வா அந்த ஆள."

அக்டோபர் 28, செவ்வாய்

ஆறரைக்கு அவன் வாசலில் நின்றேன். "பாவம் பாக்குறீங்களா?" என்றான். "பாவமா? நீ இல்லாம ஒன்பது நாளா ஆத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்யா. எங்களப் பாத்தாத்தான் பாவம்" என்றேன். தொப்பியைத் தேடினான். இரண்டு ஆட்டமும் தோற்றோம்.

ஜனவரி 19, திங்கள்

வலது கண் ஆபரேஷன் முடிந்து ஜசிந்து இன்றுதான் கப்பலுக்கு வந்தான். உட்கார்ந்ததும் என்னையே உற்றுப் பார்த்தான். "ஏன்யா, நீ இவ்வளவு கெழவனாயிட்டியா? யாருமே எங்கிட்ட சொல்லலயே!" ஆர்லிந்தாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

லிஸ்பனில் மற்ற இருவரும் வேலைக்கு ஓடினார்கள். நான் அவனோடு காப்பி குடித்தேன். திரும்பும் கப்பலுக்கு அவன் நடந்தபோது நானும் கூடவே நடந்தேன். "கடை?" என்றான். "தொறந்துக்கட்டும்" என்றேன்.

சீட்டை வெளியே எடுக்கவில்லை. நான் கேட்டேன், அவன் சொன்னான். மனைவி பெயர் இல்டா. இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அடக்கம் செய்த மறுநாளும் ஆட வந்திருக்கிறான். அன்றைக்கு நாங்கள் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோமாம். எனக்கு ஞாபகமே இல்லை.

மறுபடி ஆற்றைக் கடந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. "கப்பல் லேட்டா?" என்றாள் முதலாளியம்மா.

"ஆமாம்மா, ரொம்ப லேட்டு" என்றேன்.