பதினான்கு ஒட்டுகள்

அன்புள்ள பட்டாணியின் அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசும்போது பட்டாணி என் மடியில் இருக்கிறாள், வேலைக்குப் போன ஊரில் உங்கள் பின்னால் கூடத் தங்கியிருக்கும் அறைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தச் சந்தடியில் இதைச் சொல்ல முடியாது.

பயப்பட ஒன்றும் இல்லை. அவளுக்கு இருமல் நின்றுவிட்டது. ஆடிக்கொண்டிருந்த பல்லும் விழுந்துவிட்டது. விழுங்கிவிட்டாளோ என்று நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். கடைசியில் அது அவள் சட்டைப் பையில் இருந்தது.

பள்ளியிலிருந்து மூன்று புதன்கிழமை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள் என்று சொன்னேன் அல்லவா? படக்கதைப் புத்தகங்களுக்காக ஓவியர்கள் கையால் வரைந்த அசல் படங்களை அங்கே மாட்டியிருக்கிறார்கள். துணைக்கு இரண்டு அம்மாக்கள் வேண்டும் என்று டீச்சர் கேட்டதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். சேவை மனப்பான்மை என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் ஜன்னலுக்கு வெளியே இவள் கையை நீட்டுவாளோ என்ற கவலைதான். மாற்று உடை, துண்டு, மருந்து, குடை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனேன். என் பையைப் பார்த்த டீச்சர், "எத்தனை நாள் தங்கப் போறீங்க?" என்று கேட்டார்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்றை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நான்கு மாதமாகப் பட்டாணி படம் வரையாமல் இருந்தாள். வகுப்பில் தாள் கொடுத்தால் ஒரு கோடு போடுவாள். அது கொஞ்சம் வளைந்தாலும் தாளைக் கிழித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல ரொம்பக் கண்டிப்போ?" என்று கேட்டபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குப் படம் காட்டுகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எதற்கெடுத்தாலும் "மெதுவா பாருங்க" என்பாள். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் மெதுவா அக்கா. முதல் புதன்கிழமை அரை மணி நேரம் ஒரே ஒரு படத்தின் முன்னால் உட்கார வைத்தாள். யானைக்குக் கடிதம் கொண்டுபோகிற தபால்காரரின் கதை அது. அந்தப் படத்தில் அவர் கதவுக்கு முன்னால் நிற்கிறார். அவர் மனசுல என்ன ஓடுது, எதை வச்சு சொல்றீங்க என்று கேட்டாள். பயப்படுறார், கால்விரல் எல்லாம் உள்ளே திரும்பியிருக்கு என்றது ஒரு குழந்தை. "இல்லக்கா, முட்டிய ஒட்டி வச்சிருக்காரு. அவருக்கு ஒண்ணுக்கு வருது" என்றான் ஒரு பையன். நானும் டீச்சரும் சிரித்துவிட்டோம். மெதுவா அக்கா சிரிக்கவில்லை. "இருக்கலாம். முட்டிய நான் கவனிக்கவே இல்ல பாரு" என்றாள். அந்தப் பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பட்டாணி அன்று வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் புதன்கிழமை அச்சான புத்தகத்தை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து, புத்தகத்தில் இல்லாத ஏதாவது இந்த அசல் படத்தில் இருக்கிறதா என்று தேடச் சொன்னாள். பென்சில் கோடு, காப்பிக் கறை, ஓரத்தில் ஒரு விரல்ரேகை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நம் பெண் மட்டும் படத்தின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இழுத்துப் பிடிக்க நான் போவதற்குள், "அக்கா, தபால்காரர் கையை வேற பேப்பர்ல வரைஞ்சு ஒட்டிருக்காங்க" என்றாள். மெதுவா அக்கா விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். உண்மைதான். கையைச் சுற்றி மெல்லிய நிழல் விழுந்தது. வெட்டி ஒட்டிய காகிதத்தின் விளிம்பு!

"தப்பா வரைஞ்சுட்டு மறைச்சிட்டாரா? இது ஏமாத்துற வேலைதானே?" என்றான் முட்டிக்காரன். ஓவியரிடமே கேட்டேன் என்றாள் மெதுவா அக்கா. அந்தக் கை எட்டு முறை சரியாக வரவில்லையாம். முழுப் படத்தையும் கிழித்துப் போட மனசு வராமல் கையை மட்டும் மாற்றி ஒட்டினாராம். பட்டாணி சட்டென்று கையை நீட்டினாள். டார்ச்சை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் போனாள். பதினோரு படங்களில் பதினான்கு ஒட்டுகள் கண்டுபிடித்தாள். திரும்பும்போது பஸ்ஸில் என் காதருகே வந்து, "பெரியவங்களுக்கே எட்டுவாட்டி ஆகுமா?" என்று கேட்டாள்.

போன புதன்கிழமை ஒரே தாளை மடித்து எட்டுப் பக்கப் புத்தகம் செய்தார்கள். நான் கிட்டே வரக் கூடாது என்று டீச்சர் கண்ணால் காட்டியதால் தூணுக்குப் பின்னால் நின்றேன். வரைந்தாள். ஒட்டினாள். ஒட்டியதன் மேலும் ஒட்டினாள். ஒரு பக்கம் அட்டை மாதிரி விறைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் பசையைக் கீழே வைக்கவில்லை. மின்கட்டண ரசீதில் பூனை ஒட்டியிருக்கிறாள். நம் கல்யாணப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் மூஞ்சிய மட்டும் மாத்தி ஒட்டவா? பயந்த மாதிரி இருக்கே" என்கிறாள்.

இனி சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. வீட்டுப்பாடப் படங்களை அவள் தூங்கிய பிறகு அழித்துச் சரிசெய்துகொண்டிருந்தது நான்தான். நட்சத்திரம் கிடைக்கட்டுமே என்றுதான். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்திருக்கிறது. அப்புறம், அவள் போனில் உங்களுக்குக் குதிரை காட்டினாளே, நினைவிருக்கிறதா? "குதிரையா? வயித்துவலி வந்த ஆடுன்னுல நினைச்சேன்" என்றீர்கள். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைவிட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். வரைவதை நிறுத்துவதற்கு முன் அவள் கடைசியாக வரைந்த படம் அதுதான். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கு மட்டும் தெரிந்து உங்களுக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

பிள்ளைகளின் புத்தகங்களை ஒரு மாதம் அருங்காட்சியகத்திலேயே வைக்கிறார்கள். இவள் மட்டும் கொடுக்க மறுத்துவிட்டாள். அப்பாவுக்கு அனுப்பணும் என்று ஒரே பிடிவாதம். உறையில் இருப்பது அதுதான். உறையை ஒட்டும்போதுதான் என்னைப் பார்த்து, "சிரிப்பாரா?" என்று கேட்டாள். தெரியலைடா, எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

புத்தகத்தில் இருப்பது அதே குதிரைதான். வேலைக்குப் போகிறது. எட்டாம் பக்கத்தில் அது வீட்டுக்கு வருகிறதா, வீட்டைவிட்டுப் போகிறதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை. நீங்களே அவளிடம் கேளுங்கள். போனில் வேண்டாம், எழுதிக் கேளுங்கள். ஒரு படமும் வரைந்து அனுப்புங்கள். உங்களுக்கு வரைய வராது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். தப்பானால் அழிக்காமல் மேலே ஒட்டுங்கள், டார்ச்சோடு காத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடிதம் போய்ச் சேர எத்தனை நாள், பதில் வர எத்தனை நாள் என்று கேட்டு நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறாள். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டாணியின் அம்மா