உங்கப்பாவுக்கு இடப்பக்கம் இல்லை

சென்னிமலை முருகன் துணை

அவிநாசி
14.11.96

அன்புள்ள அம்மணி மோகனப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் உங்கப்பாவும் இருக்கறோம், மஸ்கட்டுல நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் ஒண்ணும் அண்டாம இருக்கோணும்னு தெனமும் வெளக்குப் பத்த வெக்கறப்போ கேட்டுக்கறேன். குழந்தைக்குத் தலை நின்னுருச்சான்னு எழுது, அந்த ஊருத் தண்ணி உப்புன்னயே, காய வெச்சு ஆறுன பொறவு ஊத்து. இங்க ஐப்பசி மழை நல்லாப் பேஞ்சுது, கெணத்துல தண்ணி ஏறியிருக்குது, செவலை கெடேரிக் கன்னு போட்டிருக்குது.

அம்மணி, இனிமே எழுதறதைக் குழந்தையைக் கீழ படுக்க வெச்சுபோட்டுப் படி. மாசியில உங்கப்பாவுக்குப் பிரஷர்னு எழுதினது பொய். நீ முழுகாம இருந்ததால மறைச்சுபோட்டேன். அன்னைக்குக் காலையில கட்டுத்தாரையில மாட்டை அவுக்கப் போனவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இருபத்தோரு நாள் வெச்சிருந்தோம். பக்கவாதம். இடது கையும் காலும் போச்சு. இப்பக் குச்சி ஊணி இழுத்து இழுத்து நடக்கறாங்க, பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்குது, வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு ஆளு தேறிட்டாங்கன்னுதான் தோணும். ஆனா அவங்களுக்கு இடப்பக்கம்னு ஒண்ணு இல்லாமயே போயிருச்சு அம்மணி. கண்ணு நல்லாத்தான் தெரியுது, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்குல எடுக்கறதில்லை, அப்படி எடுக்காததும் அவருக்குத் தெரியாதுங்கம்மான்னு டாக்டர் சொன்னாரு. தட்டத்துல வலப்பக்கச் சோத்தைத் தின்னுபோட்டு இன்னும் கொண்டாங்கறாங்க, நான் தட்டத்தைத் திருப்பி வெச்சா மிச்சத்தைத் திங்கறாங்க. தாடி பாதி மொகத்துலதான் வழிக்கறாங்க. ஒரு நாள் படுத்திருந்தவங்க அவங்க கையையே தொட்டுப் பார்த்துபோட்டு, இது ஆரு கை, எடுக்கச் சொல்லுன்னு என்னைச் சத்தம் போட்டாங்க. நான் இடப்பக்கமா நின்னுட்டு இங்கதான் இருக்கறேனுங்கன்னு சொல்லச் சொல்ல, என்ற பேரைச் சொல்லி, பழனாத்தா எங்க போய்த் தொலைஞ்சான்னு வாசலைப் பார்த்துக் கூப்பிடறாங்க. நான் சுத்தி வந்து வலப்பக்கம் நின்னாத்தான் அடங்கறாங்க.

இதெல்லாம் ஊட்டுக்குள்ள நடக்கறது, சமாளிச்சுக்கலாம்னு இருந்தேன். போன மாசம் ஒரு வியாழக்கெழமை நான் சாணி வழிச்சுட்டு வாரதுக்குள்ள மொபெட்டை எடுத்துட்டு, பால் கேனை முன்னால வெச்சுட்டுச் சொசைட்டிக்குப் போயிட்டாங்க. அதுக்குக் கிளச்சு இல்லை, வலது கையி ஒண்ணே போதும். நான் ரோட்டுக்கு ஓடிப் பார்த்தேன், ஆளைக் காணம். முக்கா மணி நேரத்துல திரும்பி வந்து, பாத்தயா, எனக்கு என்ன கொறைன்னு சிரிக்கறாங்க. எட்டு மாசம் கழிச்சு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன், எனக்கும் சந்தோசம் வந்துருச்சு அம்மணி, அதை நெனைச்சாத்தான் இப்பவும் கூசுது. வண்டியை ஸ்டேண்டு போடறப்போதான் பார்த்தேன், இடப்பக்கக் கண்ணாடி ஒடைஞ்சிருக்குது, கால் வெக்கற கம்பியில சேலைத் துணி கிழிஞ்சு மாட்டியிருக்குது. ஏனுங்க, ஆரையாச்சும் இடிச்சுட்டீங்களான்னேன். நான் ஆரையும் பாக்கவே இல்லையேன்னாங்க. அது பொய்யில்லை.

நம்ம காட்டுல களையெடுக்க வருமே பழனியாத்தாள், என்ற பேரேதான் அதுக்கும், வாய்க்கால் ரோட்டுல ஓரமாப் புல்லுக்கட்டு எடுத்துட்டு வந்திருக்குது. இடுப்பெலும்பு ஒடைஞ்சுபோச்சு. மத்தியானம் சேதி வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என்ற கையைப் புடிச்சுட்டு, விழுந்து கெடந்துட்டு அய்யா அய்யான்னு கூப்பிட்டனுங்கம்மா, ஒருக்காக் கூடத் திரும்பிப் பாக்கலைங்க, அதுதானுங்க மனசு ஆறலைன்னு அழுகுது. அய்யாவுக்கு அந்தப் பக்கம் பார்வையும் காதும் போய்ச் சேராது சாமின்னு நான் விவரமாச் சொன்னேன். அவ ஊட்டுக்காரன் பொங்கியண்ணன் பதினஞ்சு வருசமா நம்ம காட்டுல பாடுபட்டவன், செவுத்துல சாஞ்சு நின்னுட்டு, பால் கேனை மட்டும் சிந்தாமக் கொண்டுபோய்ச் சேத்தீட்டாருங்களேன்னான். போலீசுக்கு இன்னும் போகலை. போனா நான் தடுக்க மாட்டேன். வேலைக்கு வாரதில்லை, சாயங்காலமாச்சுன்னா எதுத்த வேப்பமரத்தடியில வந்து நின்னு நம்ம ஊட்டையே பார்த்துபோட்டுப் போறான். பழனியாத்தாளுக்குத் தெனமும் நான்தான் சோறு கொண்டுபோறேன், வாங்கிக்குது, மொகத்தைப் பாக்கறதில்லை. இனி அது நடக்கறது சந்தேகம்னு டாக்டர் சொல்லறாரு.

உங்கப்பாகிட்டச் சொன்னேன். இடிச்சிருந்தா எனக்குத் தெரியாதா, ஊரே சேந்து என்னை மொடமாக்கப் பாக்கறீங்கன்னு குச்சியை வீசினாங்க, என்ற நெத்தியில பட்டுது, பெருசா ஒண்ணுமில்லை. நாப்பது வருசத்துல கைநீட்டாத மனுசன். சாவியை ஒளிச்சு வெச்சேன். நாலு நாள்ல ஒர்க்‌ஷாப்பு சிக்கந்தர் வந்து, அக்கா, அண்ணன் இன்னொரு சாவி போட்டுத் தரச் சொல்லி ஆள் விட்டிருக்காருங்க, நான் எப்படிங்க போட்டுத் தாரதுன்னு கேட்டான். அவனை விட்டே பிளக்கைக் கழட்டி எடுத்துட்டேன். அதுக்கும் சும்மா இல்லை. ரெண்டு நாளா, திருப்பூர்ல இருந்து ஒருத்தன் வாரான், வண்டியைச் சரிபண்ணிருவான்னு சொல்லிட்டிருக்காங்க. ஆரு, எப்படிச் சொல்லிவிட்டாங்க, ஒண்ணும் தெரியலை. வண்டியைத் தள்ளிட்டுப் போயிரலாம்னா அதுக்குப் பக்கத்துலயே கட்டலைப் போட்டுப் படுத்திருக்காங்க. வாய்க்கால் ரோட்டுல காலையில பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரிசையா வருதுங்க அம்மணி, எல்லாம் இடப்பக்க ஓரமாத்தான் வருதுங்க.

உன்ற பேச்சை மட்டும்தான் அவங்க கேப்பாங்க. போன்ல சொன்னாச் சரி சரின்னுபோட்டு அஞ்சு நிமிசத்துல மறந்துருவாங்க, காயிதம்னாக் கையிலயே வெச்சிருந்து திரும்பத் திரும்பப் பாப்பாங்க. வண்டியைத் தொடாதீங்கப்பான்னு நீ உன்ற கையால எழுது. நீ இப்ப வர வேண்டாம், கைக்குழந்தையோட அலைய வேண்டாம். மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு, குழந்தைக்கு எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதம், நீ பத்தியமாச் சாப்பிடு, நல்லா இருப்பீங்க.

ஒண்ணு மட்டும் மறந்துறாத. எழுதறதைத் தாளோட வலது பாதியில மட்டும் பெருசு பெருசா எழுது. இடது பாதியில எழுதினா அவங்களுக்கு அது வந்து சேராது.

இப்படிக்கு
உன்ற அம்மா
சு. பழனாத்தாள்