ஊடும் வீடும்

வெள்ளிக்கிழமை.

நாமக்கல் போய் வாங்கி வந்த எழுத்து அட்டைகள் பெட்டியிலேயே கிடக்கின்றன. என் மகள் யாழினி நாள் முழுக்கச் செல்வியோடுதான் இருக்கிறாள். செல்வி என் கொழுந்தன் மனைவி. இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதியிருக்கிறாள். அவள் ஒரு சொல்லைச் சொன்னால், பிள்ளைகள் அதன் முதலெழுத்தின் மேல் குதிக்க வேண்டும். 'சின்னம்மா ஆட்டம்' என்று பெயர் வேறு.

இன்று "ஊடு!" என்று கத்தினாள். எல்லாரும் 'ஊ'வில் குதித்தார்கள். இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"அது வீடு, செல்வி. புள்ளைங்க பரீட்சையிலயும் ஊடுன்னே எழுதப் போகுதுங்க," என்றேன்.

அவள் முகம் கொஞ்சமும் வாடவில்லை. "அட, ஆமாங்கக்கா!" என்று சிரித்தாள். 'ஊ'வுக்குப் பக்கத்திலேயே 'வீ' எழுதினாள். "சாமிகளா, பேசறதுல ஒரு காலு, எழுதறதுல ஒரு காலு!"

பிள்ளைகள் காலை அகட்டிக் குதித்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாழினிதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள்.

தப்பைக் கண்டுபிடித்தது நான். ஆட்டம் மட்டும் அவளுடையதாகிவிட்டது.

நாளைக் காலை வாசல் தெளிப்பது என் முறை. தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றப் போகிறேன்.