சுவரில் உங்கள் பெயர்

ஜிஷா அப்பாவுக்கு,

போனை எடுக்கமாட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெய்சால்மர் கோட்டை என்றதும் நம்ம வட்டக்கோட்டை மாதிரி ஆளில்லாத இடம் என்று நினைத்தேன். இங்கே கோட்டைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள், கொத்தளத்தில் துணி காய்கிறது. மகள் வீட்டுச் சந்தில் ஒரு மாடு தினமும் வழிமறிக்கிறது. நான் மீன் விற்கிற சத்தத்தைப் போட்டால்தான் நகர்கிறது. கடலே இல்லாமல் எவ்வளவு மணல்!

இந்த ஊரில் கல்யாண அழைப்பை வாசல் சுவரிலேயே வண்ணத்தில் எழுதிவிடுகிறார்கள். நம் மகள் கல்யாணத்துக்கு எழுதியது இன்னும் பளிச்சென்று இருக்கிறது. இந்தி எழுத்து. மருமகன் விரல் வைத்துப் படித்துக் காட்டினார். அதில், அன்றைக்குப் பார்த்துக் கடலுக்குப் போன உங்கள் பெயரும் இருக்கிறது.

"ஏட்டி, வராத மனுசன் பேரு எதுக்கு?" என்று கேட்டேன்.

"வராட்டா அப்பா இல்லாம ஆயிருவாராம்மா?" என்று சிரிக்கிறாள்.

வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்வரை அதை அழிக்கமாட்டார்களாம். மருமகனின் தம்பிக்குத் தை மாதம் கல்யாணம். வெள்ளையடிப்பதற்குள் வந்துவிடுங்கள். நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம், சம்பந்தி கண்ணில் படாமல்.

சுவரை போட்டோ எடுத்து அனுப்பமாட்டேன். வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா