மூடிய அறையில் போட்ட புகை

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் கண்மூடி ஆறு வருஷமாகியும் என் சந்தேகம் தீரவில்லை. ஒரே வீடு, ஒரே இன்புளுவென்சாக் காய்ச்சல். அம்மா எழும்பினார், உங்கள் மனைவி, என் மச்சாள், எழும்பினார், பால்குடி மறவாத உங்கள் ராணியும் எழும்பினாள். எல்லோருக்கும் முதல் நான் எழும்பினேன். இரண்டு ஆள் வேலையைத் தனியே செய்கிற நீங்கள் மட்டும் ஏன் எழும்பவில்லை?

ஊரார் வாயில் விழுந்த நாவூறு என்றார் அம்மா. நான் மச்சாளைச் சந்தேகப்பட்டேன். அவர் படுக்கையில் விழ முன்னர் உங்களுக்கு வைத்துத் தந்த கசாயத்தில்தான் ஏதோ பிழை என்று நீர்வேலி ஊர் முழுக்கக் கதைத்துத் திரிந்தேன். எனக்கு வாய் கூசவில்லை. அவர் ஒரு சொல் திருப்பிச் சொல்லாததையும் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

போன மாசம் உங்கள் கூட்டாளி செல்லையாவுக்கும் இதே காய்ச்சல். புகையிலைக் குடிலுக்குள் உங்களோடு தேங்காய்ப் பொச்சுமட்டை எரித்து, இலை பதமாகப் புகை போட்டவரல்லவா? வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் கொண்டுபோனோம். அவர் செல்லையாவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்யிறவர்?" என்று கேட்டார். சொன்னோம்.

"காய்ச்சல் எல்லாருக்கும் ஒண்டுதான். அதோடை சண்டை பிடிக்கிறது உடம்பு. வருஷக்கணக்காப் புகை குடிச்ச நெஞ்சு எப்பிடிச் சண்டை பிடிக்கும்? யன்னலைத் திறந்து விடுங்கோ. சாம்பிராணிப் புகைகூடக் காட்டக் கூடாது."

செல்லையா தப்பிவிட்டார்.

ஆனால் அண்ணை, நோய்க்காற்று வரக்கூடாதென்று உங்கள் அறையின் கதவு யன்னல் எல்லாம் சாத்தி, தணல் சட்டியில் வேப்பிலையும் பொச்சும் போட்டவள் நான். "பிள்ளை, உந்தப் புகையை வெளியிலை கொண்டு போ, மூச்சு முட்டுது" என்றீர்கள். காய்ச்சலில் பிதற்றுகிறீர்கள் என்று இன்னும் ஒரு பிடி போட்டேன். மச்சாள் அடுத்த அறையில் நினைவில்லாமல் கிடந்தார். அதைக் கேட்டது நான் ஒருத்திதான்.

குடில் புகையா, என் சட்டிப் புகையா, இரண்டுமா? அந்த அப்போதிக்கரிக்குத்தான் எல்லாம் தெரியுமா?

இன்று ராணிக்குக் காய்ச்சல். காலையில் மச்சாள் தணல் சட்டியோடு வந்தார். யன்னலைச் சாத்த விடாமல் மறித்தேன். மச்சாள் சீறினார்:

"அவரைப் பறிகுடுத்தது காணாதே? பிள்ளையையும் காத்திலை போட்டுக் கொல்லப் போறீரோ?"

அப்போதிக்கரியின் பேச்சை அவர் நம்பவில்லை. பின்னேரமும் சட்டி வரும். அதைக் கீழே இறக்கிவைக்கச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு கதைதான் இருக்கிறது. அதைச் சொன்னால் இந்த வீட்டில் எனக்கு இடமிருக்காது. சொல்வேன் அண்ணை, சட்டி வாசலைத் தாண்ட முன்னம் சொல்வேன்.

நீங்கள் கேட்டும் புகையை எடுக்காத,
உங்கள் தங்கச்சி